செம்போ இரும்போ

குளியலறைக் கதவைத் திறந்ததும் கருகல் நாற்றம் ஜெயராமனின் மூக்கில் ஏறியது. விடியற்காலையில் ஹீட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டு, பூந்தமல்லிக் கடைத்தெரு வரை காலாற நடந்துவிட்டு வந்தால் வெந்நீர் தயாராக இருக்கும். அன்றைக்கு ஃபியூஸ் போயிருந்தது. மூலையில் ஆள் உயரத்துக்கு நின்ற செம்பு பாய்லரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் காரணம் தெரிந்துவிட்டதே.

"மொய்தீன் பாய் வேலைய காட்டிட்டான்" என்றார், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.

சந்தேகம் ஜெயராமனுக்குக் கூடப் பிறந்தது. பால்காரன் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினால், மடியில் இன்னொரு சொம்பு இருக்கிறதா என்று பார்ப்பார். யுத்தம் வந்து, ஆவடி ராணுவ முகாமுக்குக் காய்கறி அனுப்பும் கான்ட்ராக்ட் கிடைத்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் மனுஷனையும் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த பாய்லர், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் பங்களாவில் ஏலம் எடுத்தது. மனைவி தாட்சாயிணிக்கு விறகுப் புகை ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் இருமல். அதற்காகத்தான் எடுத்தார். உள்ளே ஹீட்டர் இல்லை. மின்சார வேலையும் குழாய் வேலையும் தெரிந்த ஹாஜா மொய்தீன், மவுண்ட் ரோடில் அலைந்து இரண்டு ஹீட்டர்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று குட்டை, இரும்பு உறை. இன்னொன்று நீளம், செம்பு உறை.

"நம்மூர் கெணத்துத் தண்ணிக்கு இரும்பு தாங்காது அண்ணாத்தே, துரு புடிச்சிரும். செம்பே போட்டுக்கலாம். மேலாக்க சொருவுனா மேல்தண்ணிதான் சுடும், அடியில போட்டாத்தான் மொத்தமும் காயும்."

எல்லாம் சரிதான். ஆனால் செம்பு என்று கொடுத்தது வெள்ளையாக இருந்தது. ஈயம் பூசியிருக்கிறது என்றார் மொய்தீன். சாவியால் ஒரு கீறல் போட்டுப் பார்த்துவிடலாமா என்று ஜெயராமனுக்குக் கை துறுதுறுத்தது. பத்து வருஷப் பழக்கம், முகத்துக்கு நேரே எப்படிக் கீறுவது? மொய்தீன் அதை பாய்லரின் அடிவயிற்றில் திருகி இறுக்கிவிட்டார். கீறாத அந்தக் கீறல் மாசக்கணக்கில் ஜெயராமனின் நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது கருகிவிட்டது. இரும்பேதான்!

நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம். அன்று பகலில் ஆவடிக்குப் போனபோது, முகாமில் கட்டட வேலை எடுத்திருந்த லோகநாதன் அவரைப் பிடித்துக்கொண்டார். ஆபீசர்கள் குடியிருப்பு முழுக்க பாய்லர் வைக்கப் போகிறார்கள், பூந்தமல்லி மொய்தீன் எப்படி, உங்கள் வீட்டில் வேலை செய்தவராமே என்று கேட்டார்.

"வேணாம்பா. கண்ணு முன்னால செம்ப காட்டி இரும்ப சொருவுற ஆளு."

அவ்வளவுதான் சொன்னார். லோகநாதன் தலையை ஆட்டிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது ஜெயராமனுக்கு, ராணுவத்தையே ஒரு மோசடியிலிருந்து காப்பாற்றிவிட்ட திருப்தி.

மறுநாள் ஆள் அனுப்பியதும் மொய்தீன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவிட்சை முகர்ந்து பார்த்தவரின் முகம் விழுந்துவிட்டது.

"என் தப்புதான் அண்ணாத்தே. ரெண்டு மாசத்துக்கு ஒரு வாட்டி கயட்டி உப்பு சொரண்டணும். நான் வந்து செஞ்சிருக்கணும், உட்டுட்டேன். உப்பு கட்டிக்கினு எரிஞ்சி போயிருக்கும். வேற ஒண்ணு நானே போட்டுத் தர்றேன்."

தானாகவே வந்து வலையில் விழுகிறானே என்று ஜெயராமனுக்கு இன்னும் சந்தேகம். இரும்பை மறைக்க உப்பைக் கொண்டுவருகிறான். மொய்தீன் அடிக் குழாய்க்குக் கீழே அண்டாவை வைத்துத் திறந்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பாய்லரை விரலால் தட்டினார். காலிக் குடம் போலச் சத்தம் கேட்டது.

"இன்னாது, தண்ணியே இல்ல?"

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பவள் வேலைக்காரி கன்னியம்மாள். அதிலிருந்து குழாய் வழியாகத்தான் பாய்லர் நிரம்ப வேண்டும். ஜெயராமன் அவளைப் பார்த்து முறைத்தார்.

"இன்னாடி, தொட்டிய ரொப்பலையா நீ?"

"ஈட்டரு கெட்டுப்போச்சின்னீங்க, அதான் ஏத்தல நைனா."

"கெட்டது நேத்து காலைலதான? அதுக்கு முன்னாடி தண்ணி எங்க போச்சி?"

கன்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "முந்தாநாளு கெரணம் நைனா. புடிச்சி வெச்ச தண்ணி ஒரு சொட்டு ஊட்டுல இருக்கக்கூடாதுன்னு நீங்கதான கத்துனீங்க. கொடம், தவலை எல்லாத்தையும் கவுத்து கவுத்துப் பாத்துகினு வந்தீங்க. இதையும் கேப்பீங்கன்னு தொட்டித் தண்ணிய கீழ ஊத்திட்டு, அடிக் கொயாவ தெறந்து உட்டு மூடிட்டேன். கெரணம் புடிச்ச தண்ணிதான அதுவும்?"

ஜெயராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தாநாள் சாயங்காலம் கிரகணம் விட்டதும், கையில் விளக்கோடு, அவள் எங்கேயாவது சோம்பல்பட்டு ஒரு பானையை விட்டிருப்பாள் என்று வீடு முழுக்கத் துழாவியது அவர்தான். மறுநாள் விடியலில், தொட்டிக்கு முதல் குடம் ஏறுவதற்கு முன்னால், காலி பாய்லரில் சுவிட்சைத் தட்டியதும் அவர்தான்.

மொய்தீன் குலுங்கிச் சிரித்தார். "அப்போ உப்பும் இல்ல, நானும் இல்ல!" ஸ்பேனரைப் போட்டுத் திருகி ஹீட்டரை வெளியே உருவினார். கறுத்து, நடுவில் வளைந்து கிடந்தது. அதை ஜெயராமனின் கையில் கொடுத்துவிட்டுப் பையில் கையை விட்டார். மாற்று ஹீட்டரை முன்யோசனையாகவே கொண்டுவந்திருந்தார்.

ஜெயராமன் அவர் பார்க்காத நேரமாக இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியை எடுத்து, கருகிய உறையில் ஒரு கோடு இழுத்தார். கரி உதிர்ந்தது. உள்ளே சிவப்பாகப் பளபளத்தது. இன்னொரு இடத்தில் கீறினார். அங்கேயும் சிவப்பு. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"ஆவடியில நம்ம லோகநாதன் அண்ணாத்தே பெரிய வேல ஒண்ணு தர்றேன்னிருக்காரு" என்றார் மொய்தீன், புது ஹீட்டரைத் திருகிக்கொண்டே. "ஊட்ல நம்ம பொண்ணு லத்தீஃபா கல்யாணத்த அத்த நம்பித்தான் பேசிக்கினுகீறோம். நாளைக்கு வரச் சொன்னாரு. உங்களாண்ட விசாரிக்கிறேன்னாரே, கேட்டாரா?"

ஜெயராமன் ஆமாம் என்று தலையசைத்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் அண்ணாத்தே, அவரு தட்ட மாட்டாரு. அல்லா உங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்."

மாடியில் கன்னியம்மாள் குடம் குடமாக ஊற்ற ஆரம்பித்தாள். பாய்லருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. மொய்தீன் அதன் வயிற்றில் காதை வைத்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, சிரித்த முகமாக ஒரு கையை உயர்த்தி, "இருங்க, இருங்க, ரொம்பட்டும்" என்றார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜெயராமன், அந்தச் சிவப்புக் கீறலைக் கட்டை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்.