பிட்டர்ஸுக்குப் பதிலாக

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த மரியசெல்விக்கு வாசலிலேயே நிலவேம்பு நெடி மூக்கில் ஏறியது. முக்காட்டை எடுக்காமலே சமையலறைக்குப் போனாள். அவள் பால் காய்ச்சும் பாத்திரத்தில் கஷாயம் கருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் புருஷன் அருள்சாமி கரண்டியோடு நின்றான்.

"ஏனுங்க, காய்ச்சல் யாருக்குங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"இது பிட்டர்ஸுக்குப் பதிலு. உனக்குப் புரியாது. போய் முந்திரி வறு."

அருள்சாமி ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு மேனேஜர். இரண்டு வருடத்துக்கு முன்பு, எண்பத்து நாலில், வெள்ளைக்காரர் ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது காக்டெயில் புத்தகம் ஒன்று அவன் கைக்கு வந்தது. அன்று பிடித்தது கிறுக்கு. புத்தகத்தில் இருந்த பாதிச் சரக்கு ஏற்காட்டுக் கடைகளில் கிடைக்காது. அதனால் ஜின்னுக்குப் பதில் பிராந்தி, வெர்மூத்துக்குப் பதில் இருமல் டானிக் என்று சனிக்கிழமைதோறும் கலக்குவான். குடித்துப் பார்த்து முகம் சுளித்துக் கொட்டுவான். கழுவுவது அவள் வேலை.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பிப்ரவரியில், மாரமங்கலம் போகும் வழியில் புதிதாகத் திறந்த ஒரு பள்ளியிலிருந்து அவளுக்கு ஆசிரியை வேலைக்குக் கடிதம் வந்தது. "மேனேஜர் பொண்டாட்டி சாக்பீஸ் பிடிக்கறதா?" என்று அவள் கண் முன்னாலேயே அதை நாலாகக் கிழித்தான். புருஷன் சம்மதம் எழுதித் தந்தால் ஜூனில் சேரலாம் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் எழுதவில்லை. அதிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது உப்பு, சாவி, சோப்பு அளவில் நின்றுவிட்டது.

ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தாள். எடுத்தவள் கடைசிப் பக்கங்களைப் படித்தாள். பிட்டர்ஸ் என்றால் வெறும் கசப்பு இல்லை. பழத்தோலும் மசாலாவும் சாராயத்தில் ஊறி இறங்கும் சாறு என்று விவரமாகப் போட்டிருந்தது. இவன் பிட்டர்ஸ் என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு, கசப்புக்கு நிலவேம்பைத் தேடிப் போயிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவன் முட்டாள் என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அவனுடைய பிராந்தியைத் திருடி, குறைந்த அளவுக்குத் தேயிலைத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். கமலா ஆரஞ்சுத் தோலை ஊறவைத்தாள். மிட்டாய் வாசனை அடித்தது. பச்சை நார்த்தங்காய்த் தோல் போட்டாள். ஊறுகாய் மாதிரி ஆனது. மூன்றாவது முறை தோலைக் காயவைத்து, தோசைக்கல்லில் லேசாகக் கருக்கி, மிளகு, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை சேர்த்துப் பன்னிரண்டு நாள் விட்டாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பி, வாய் கொப்பளித்தாள். சரியாக இருந்தது. ஜாம் பாட்டிலில் ஊற்றி மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் மறைத்தாள்.

இன்றைக்கு முதலாளி காளியண்ணன் சேலத்திலிருந்து இரண்டு சிநேகிதர்களோடு வருகிறார். விஸ்கியில் பிட்டர்ஸ் சொட்டுவிட்டு அருள்சாமி கலக்கும் 'ஓல்டு ஃபேஷன்ட்' காக்டெயிலைக் குடித்துப் பார்க்கத்தான் வருகிறார். நிலவேம்பு கலந்த கிளாஸ்களைத் தட்டில் வைத்து அவன் எடுத்துப் போனான். அவள் திரைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

காளியண்ணன் ஒரு வாய் வைத்தார். எழுந்து வராந்தா கம்பிக்கு வெளியே துப்பினார்.

"ஏப்பா, எனக்கென்ன மலேரியாவா?"

"எங்க ஊட்ல வயித்துப் பூச்சிக்குக் குடுப்பாங்க, இதேதான்," என்றார் சிநேகிதர்களில் ஒருவர். மூவரும் சிரித்தார்கள். முதலாளி சிரிப்பை முதலில் நிறுத்தினார். "ரெண்டு வருசமா அளந்தியே, இதுக்கா ஜீப்பைப் போட்டு மலையேறி வந்தோம்?"

"ஒரு நிமிசமுங்க. இது... வேற ஒண்ணு இருக்குதுங்க," என்று அருள்சாமி உள்ளே ஓடி வந்தான்.

அதற்குள் அவள் சமையலறை மேசையில் ஜாம் பாட்டிலை எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் கருப்பட்டிப் பாகு, வெள்ளைத் தாள், பேனா.

"நான் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கறனுங்க. நல்லா இருக்குது. சம்மதம் எழுதுங்க, கலந்து தாரேன்."

"அடியே!" கையை ஓங்கினான். அவள் பாட்டிலைக் கழுவுதொட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்தாள்.

"அடிங்க. வெளிய மூணு பேரு இருக்கறாங்க. நல்லாக் கேக்கும்."

அவன் எழுதினான். பேனா முனை தாளைக் கிழித்தது. அவள் முழுவதும் படித்தாள்.

"'சம்மதம்'ல ஒரு ம் உட்டுப் போச்சுங்க. போடுங்க."

போட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. அவள் தாளை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மூன்று கிளாஸில் விஸ்கியும் பாகும் ஊற்றி, மும்மூன்று சொட்டு விட்டு, ஐஸ் போட்டாள்.

காளியண்ணன் குடித்தார். இரண்டாவது வாய்க்கு அப்புறம் கால் நீட்டி உட்கார்ந்தார். "இது சங்கதி! என்னப்பா போட்டே?"

"அது நம்ம சொந்தக் கைப்பக்குவமுங்க."

"அப்படிச் சொல்லு. அடுத்த மாசம் இருபது பேரைக் கூட்டிக்கிட்டு வாரேன். இதையே போடு."

ஜீப் கீழே இறங்கும் சத்தம் அடங்கும்வரை அருள்சாமி வராந்தாவிலேயே நின்றான். பிறகு சமையலறைக்கு வந்தான்.

"அதுல என்ன போட்டே? சொல்லு."

"லெட்டருக்கு மூணு கிளாஸ் குடுத்தாச்சுங்க. செய்முறையப் பத்தி நாம பேசவேயில்லயே."

பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். கண்ணாடி சிதறி, பழுப்புச் சாறு சுவரில் வழிந்தது. மரியசெல்வி சாறு தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மறுபடி ஊறப் பன்னெண்டு நாள் ஆகுமுங்க," என்றாள். "எங்கம்மா வந்து ஒரு மாசம் தங்கோணும்னு ஆசைப்படறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் வாசற்கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில், அவள் முகத்தைப் பார்க்காமல், "உங்கம்மாவுக்கு எழுது" என்றான்.

ஜூனில் அவள் வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் காலை மாரமங்கலம் பஸ் எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது அருள்சாமி காப்பி காயும் களத்தில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். ஜன்னலோரம் இருந்த அவளும் கையாட்டவில்லை. நடத்துனரிடம் டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.