கடைசிப் பத்தி

சிவப்பிரகாஷ் ஐந்து வருடமாக ஒரு வலைப்பூ எழுதிவந்தான். படிக்கிறவர்கள் இருபது பேரைத் தாண்டியதில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இருந்ததில்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. பகல் முழுக்க மற்றவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டுப் பெருமாட்டிக்குத் திரும்பினால், வீட்டில் அவனும் அப்பா ரத்தினசாமியும் மட்டும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்து, மோட்டார் போட்டாச்சா, சோறு ஆறுது என்கிற அளவில் நின்றுபோயிருந்தது. இருவருக்கும் அது பழகிவிட்டது. சொல்லாமல் மிஞ்சியதை மகன் வலைப்பூவில் எழுதினான். அப்பா அதைத் தென்னைமரங்களிடம் சொன்னாரோ என்னவோ, தெரியாது.

பதிவுகளைப் பகிர ஒரு பொத்தான் வைக்கிற யோசனையைக் கொடுத்தது கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜின்சன். எழுதுவதை யாரும் யாருக்கும் அனுப்பவே வழியில்லாமல் வைத்திருக்கிறாயே, வாட்ஸ்அப் பட்டன் ஒன்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் நூறு பேரிடம் போகும் என்றான். சிவப்பிரகாஷ் அதைப் பற்றி நான்கைந்து நாள் யோசித்தான். வாட்ஸ்அப்பில் போவது கூட்டத்தில் கல்லெறிவது போல அவனுக்குப் பட்டது. யார் தலையில் விழுகிறது என்று எறிந்தவனுக்கே தெரியாது. மின்னஞ்சல் அப்படியில்லை. அனுப்புகிறவர் ஒரு நிமிஷமாவது உட்கார்ந்து, இது இன்னாருக்குப் பிடிக்கும் என்று ஒரு முகத்தை நினைத்து, அந்த முகவரியை எழுத வேண்டும். தன் எழுத்து அப்படிப் போவதானால் போகட்டும் என்று முடிவு செய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குச் செலவானது. வலைப்பூவின் வார்ப்புருவைத் திறந்து, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கடித உறைப் படம் ஒன்றும் ‘மின்னஞ்சலில் அனுப்ப’ என்ற எழுத்தும் வருகிற மாதிரி நாலு வரி சேர்த்தான். முதலில் சோதித்தபோது தமிழ்த் தலைப்புக்குப் பதிலாக வெறும் எண்ணும் சதவீதக் குறியுமாக வந்தது. ஜின்சனிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சரி செய்தான். பிறகு படத்தைத் தொட்டால், போனில் மின்னஞ்சல் திறந்து, தலைப்பும் பதிவும் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்க, பெறுநர் இடம் மட்டும் காலியாகக் காத்திருந்தது. அந்தக் காலி இடம் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதன் பிறகு அவன் எழுதிய முதல் பதிவு ஊரின் பாசனக் கனாலைப் பற்றியது.

அவர்கள் தோப்பு கிளைக் கனாலின் கடைக்கோடியில் இருந்தது. மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி முடித்து, முறை கடைசியாக அங்கே வரும்போது, தண்ணீர் வாய்க்காலின் அடியை நனைத்தால் உண்டு. அப்பா மண்வெட்டியோடு கரையில் நின்று, வராத தண்ணீரைக் காதால் தேடுவதைப் பற்றி அவன் எழுதினான். சருகு நகர்வதைக்கூடத் தண்ணீர் என்று நினைத்துத் தலை தூக்குவதை எழுதினான். நன்றாக வந்திருந்தது. கடைசிப் பத்தியில் முத்தாத்தாளைப் பற்றி எழுதினான்.

அவர்கள் தோப்புக்கும் கீழே, கொஞ்சம் தென்னையும் ஒரு காய்கறிப் பாத்தியும் வைத்துப் பிழைக்கிறவள் அவள். புருஷன் இல்லை. கனால் பதிவேட்டில் அவள் நிலம் சேராததால் அவளுக்கு முறை கிடையாது. தண்ணீரைத் திறந்து மூடுகிற ஷட்டர்களின் சாவி ரத்தினசாமியிடம்தான் இருந்தது. முறைப்படி திறப்பதும் பூட்டுவதும் அவர் பொறுப்பு. தன் முறை முடிந்ததும் தன் ஷட்டரைப் பூட்டித் தண்ணீரை, அடுத்த சுற்று தொடங்குகிற மேல்கோடிக்கு, பூபதிராஜாவின் தோப்புக்குத் திருப்ப வேண்டும். அவர் உடனே பூட்டுவதில்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைப்பார். அது தீர்கிற வரை தண்ணீர் அவர் நிலத்தையும் தாண்டி முத்தாத்தாளின் மரங்களுக்குப் போகும். ஒரு விடியலில் சிவப்பிரகாஷ் அதைப் பார்த்திருந்தான். அப்பாவும் அவன் பார்த்ததைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. எழுதும்போது அது அவனுக்குக் குற்றமாகவே தெரியவில்லை, அழகாகத்தான் தெரிந்தது. பெயரைக்கூட மாற்றவில்லை.

அவன் கணக்கில் பிசகியது ஒன்றுதான். பெருமாட்டியில் மின்னஞ்சல் என்பது உறவுக்கும் நட்புக்கும் அனுப்புகிற சாமான் இல்லை. முந்தின கோடையில் தண்ணீருக்காகப் போராடியபோது, கனால் கமிட்டி வீடு வீடாகப் போய் எல்லார் போனிலும் மின்னஞ்சலைத் திறந்துகொடுத்து, பாசன ஆபீஸின் முகவரியைப் பதித்து, ஆளுக்கொரு புகார் அனுப்ப வைத்திருந்தது. அவர்கள் அனுப்பிய ஒரே மெயில் அதுதான். போன்களுக்குத் தெரிந்த ஒரே முகவரியும் அதுதான்.

பதிவு எப்படியோ கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. ரத்தினசாமி வாட்ஸ்அப்பெல்லாம் வைத்துக்கொண்டதில்லை. தலைவர் பூபதிராஜா அதில் பேசியே அனுப்பினார். “நம்ம ரத்தினசாமியண்ணன் பையன் கனாலப் பத்தி எழுதியிருக்கறான். கண்ணுல தண்ணி வருது. கீழ கவர் படம் ஒண்ணு இருக்குது பாருங்க, அதை எல்லாரும் ஒருக்கா அமுத்துங்க. ஆபீஸ்காரனுக்கு உறைக்கட்டும்.” எல்லாரும் அமுத்தினார்கள். பெறுநர் இடத்தில் போன் தானாகவே அந்த முகவரியை எடுத்து நீட்டியது. பாதிக்கு மேல் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இது எதுவும் அறியாமல் சிவப்பிரகாஷ், நாற்பது பேருக்கு மேல் மின்னஞ்சலில் அனுப்பியிருப்பதாக எண்ணிக்கை காட்டியதைப் பார்த்து இரண்டு நாள் உள்ளுக்குள் மிதந்தான். நாற்பது முகங்களைக் கற்பனைகூடச் செய்துபார்த்தான். மூன்றாம் நாள் பாசன ஆபீஸிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அந்த நாற்பது மெயிலும் பாசன ஆபீஸுக்கே போயிருக்கிறது என்று தெரிந்ததும் அவன் கடைசிப் பத்தியை மறுபடி எடுத்துப் படித்தான். முறை தவறித் தண்ணீர் விட்டவர் கையில் சாவி இருக்காது. அது கமிட்டியின் விதி, அப்பாவே கைநாட்டு வைத்த விதி. அம்மா போன பிறகு, விடிகாலையில் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கரைக்கு நடத்திக்கொண்டு போவது அந்தச் சாவிதான். மேல்கோடிக்காரனும் கீழ்கோடிக்காரனும் சண்டை போட்டுக்கொண்டே நம்பிய ஒரே ஆள் அவர். அதை அவன் ஒரு பத்தியில் எழுதித் தொலைத்திருந்தான். பைக்கில் போகும்போது, அந்தப் பத்தி அப்பாவுக்குத் தெரியாது, தெரியாமலே முடிந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

உதவிப் பொறியாளர் ஜிஸ்மி, இடுக்கிக்காரர், மலையாளி, மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரே மெயில் இத்தனை தடவை வந்தால் பதில் எழுதாமல் மூட முடியாது என்றார். போனில் மொழிமாற்றிப் பார்த்தாராம், தலையும் வாலும் புரியவில்லையாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஓவர்சீயர் லீவில் இருந்தார்.

“தமிழ்க்காரங்க வேலை செய்யுற எஸ்டேட் பக்கத்துல வளந்த ஆளாக்கும் நான். படிக்கத்தான் தெரியாது, கேட்டா மனசிலாகும்” என்றார் ஜிஸ்மி. “நிங்க எழுதினது நிங்களே படிச்சாப் போதும்.”

அப்பா அவனுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில், மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். சிவப்பிரகாஷ் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். தான் எழுதியதை அதுவரை அவன் வாய்விட்டுப் படித்ததில்லை. அப்பாவைப் பற்றிய வரிகளை அப்பாவின் காதுக்கு எட்டுகிற தூரத்தில் படிப்பது, அவர் உடம்பை அவர் எதிரிலேயே தொட்டுத் தொட்டு விவரிப்பது போலக் கூசியது. சருகுச் சத்தத்துக்குத் தலை தூக்குகிற இடம் வந்தபோது குரல் தேய்ந்தது. ஜிஸ்மி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பத்திக்கு வந்தான். அதன் முதல் சொல் முத்தாத்தாளின் பெயர். எதிரே இருந்தவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. படிக்காவிட்டால் இல்லை என்றே ஆகிவிடும்.

“அவ்வளவுதானுங்க மேடம்” என்று போனை அணைத்தான்.

ஜிஸ்மி பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு, இது புகார் இல்லை, நல்ல எழுத்து, ஆனாலும் கடைக்கோடிக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது உண்மை, நேரில் வந்து பார்ப்பதாக எழுதி மூடிவிடுகிறேன் என்றார். சிவப்பிரகாஷ் எழுந்து கும்பிட்டான்.

அப்பா எழவில்லை.

“இன்னும் ஒரு பத்தி இருக்குதுங்க மேடம். தம்பி உட்டுட்டான்” என்றார்.

சிவப்பிரகாஷ் நின்ற இடத்தில் நின்றான். அப்பா அவனைப் பார்க்காமல், பீடியை, பூட்டாத ஷட்டரை, முத்தாத்தாளின் மரங்களை, அதெல்லாம் பூபதிராஜாவுக்குச் சேர வேண்டிய தண்ணீர் என்பதை, தோப்பில் ஆளுக்கு வேலை சொல்வது போன்ற குரலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அவன் எழுதியதில் பாதி நீளம்கூட இல்லை. அழகாகவும் இல்லை.

“எதுக்கு இது சொல்லணும்?” ஜிஸ்மியின் குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. “கேட்டுப்போயில்லே. இனி கேக்காத்த மாதிரி எனக்கு இருக்க முடியாது.”

“தெரியுமுங்க.”

அப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். கயிறு இறுகிப்போயிருந்ததால் முடிச்சு உடனே வரவில்லை. மகன் உதவப் போய், கையை இழுத்துக்கொண்டான். கமிட்டித் தலைவரிடம் ஒப்படைக்கும்படி எழுதி, ஜிஸ்மி கையெழுத்துப் போட்டுச் சாவியோடு ஒரு உறையில் வைத்து அவர்களிடமே கொடுத்தார். வாசல் வரை கூட வந்தார்.

வெளியே புளிய மரத்தடியில் பைக் நின்றது. சிவப்பிரகாஷ் வண்டிச் சாவியைப் போடாமல் நின்றான்.

“உங்களுக்கு எப்படித் தெரியுமுங்கப்பா?”

“ரேசன் கடையில ஆரோ முத்தாத்தாளுக்குப் படிச்சுக் காமிச்சிருக்கறாங்க. முந்தாநேத்துப் பொழுதோட வந்து நின்னா. இனிமே தண்ணி உட வேண்டாமுங்கண்ணான்னு சொல்லிட்டுப் போயிட்டா.” அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். “அத்தன பேரு அனுப்பியிருக்கறாங்க. எனக்கு ஒருத்தனும் அனுப்புல.”

அவன் வாய் வரை என்னென்னவோ வந்தது. உங்களுக்கு அனுப்ப எனக்கே தோன்றவில்லை என்பதுதான் அதில் உண்மையானது.

“அதை எடுத்துரட்டுங்களா?”

“ஊரே படிச்சாச்சு. எடுத்து?” என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, “பொய் ஒண்ணும் எழுதுலியே நீ” என்றார். அது சமாதானமா, குத்தலா என்று அவனுக்குப் புரியவில்லை. அப்பாவின் முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

பாதி வழியில், கனால் பாலத்தில், அப்பா தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். நாளைக்கு விடிந்தால் நம் முறை என்றார். முத்தாத்தாளின் பாத்தி காய்ந்து கிடக்கிறது என்றார். இனிமேல் அவளுக்குத் தண்ணீர் போவதானால் அவள் பேரிலேயே முறை வேண்டும். அதைப் பூபதியிடம்தான் கேட்க வேண்டும். “என்ற வாயில அது வராது. பத்து வருசமா அவன் தண்ணியத்தான் எடுத்து உட்டிருக்கறேன். நீ கேளு.”

பூபதிராஜா களத்தில் நின்று தேங்காய் உரிக்கிற ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தார். உறையை வாங்கிப் பிரித்து, சாவியை எடுத்துப் பார்த்து, எழுதியதைப் படித்தார். செய்தி அதற்குள் அவரிடம் வந்துவிட்டிருக்க வேண்டும், ஆச்சரியப்படவில்லை.

“என்னங்க எழுத்தாளரே, நாந்தான் ஊரையே அமுத்தச் சொன்னது. முழுசாப் படிச்சிருந்தா நானே அமுக்கி வெச்சிருப்பேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் ரத்தினசாமியைப் பார்த்தார். “ஏண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

“சொல்லியிருப்பே” என்றார் அப்பா.

பூபதிராஜா அதை மறுக்கவில்லை. அங்கே வந்து விழுந்த மௌனம் சிவப்பிரகாஷுக்குப் பழக்கமானதுதான். அதற்குள் உட்கார்ந்துகொள்ள அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்த முறை யாராவது அதிலிருந்து எழுந்தாக வேண்டும், அது அப்பா இல்லை.

“முத்தாத்தாக்காவுக்கு ஒரு முறை வேணுமுங்கண்ணா” என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“அவ நிலம் பதிவுல இல்ல.”

“தெரியுமுங்க. சேத்தச் சொல்லித்தான் கேக்கறனுங்க.”

“சேத்துனா அது என்ற நேரத்துலதான் குறையும். அது தெரியுமா?”

“அதும் தெரியுமுங்க.”

பூபதிராஜா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நாளைக்கு விடியற்காலம் தானே வந்து திறப்பதாகவும், நேரம் முடிந்தால் முடிந்ததுதான், நேரத்துக்குப் பூட்டிவிடுவதாகவும் சொன்னார். அப்பா தலையாட்டினார். கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது, மேல்கோடி ஆட்கள் எல்லாரும் வருவார்கள், கத்துவார்கள்.

“அங்க வந்து இதே மாதிரி நின்னு கேளு” என்றார் அவனிடம். “எழுதியெல்லாம் கொண்டாராதே. வாய்ல சொல்லோணும். அவளையும் கூட்டிட்டு வா.”

கூட்டம் என்றால் ஏதாவது காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறவன் அவன். அப்பா முன்னே நடந்து பைக்கருகே போய் நின்றுகொண்டார். என்ன பதில் சொல்லப் போகிறான் என்று கேட்க விரும்பாதவர் போல முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பியிருந்தார்.

“வர்றனுங்க” என்றான் சிவப்பிரகாஷ், அவருக்கும் கேட்கிற மாதிரி.