முனவ்வரிடம் மட்டும் சொன்னது

...அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே நான், நான்கு வருடத்துக்கு முன் தம்பி முனவ்வருக்கு ரத்தப் புற்றுநோய், ஸ்டெம் செல் வேண்டும், அக்காவுடையது அச்சாகப் பொருந்துகிறது என்றதும் கையை நீட்டிப் படுத்துக்கொண்டேன், புற்று போனது, சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைக் கொண்டாடினார்கள்... இப்போது அந்த மருந்துகளும் கதிர்வீச்சுமே அவனுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன, வாரம் மூன்று நாள் இந்தக் கோழிக்கோடு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், கழுத்தில் போட்ட குழாயில் இரண்டு தடவை கிருமி தொற்றி ஐசியு வரை போய் வந்தான், இன்னொரு தடவை தாங்குவானா? இன்று காலை டாக்டர் பீனா என்னைத்தான் பார்த்துச் சொன்னார், "அவர் உடம்புல ஓடுறதே உங்க ரத்தம்தான், ஜஸீலா. உங்க கிட்னிய வெச்சா வேத்தாளுதுன்னு விரட்டாது. வேற யாரோடதும் இப்படிச் சேராது." உம்மா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். தருவாயா என்று கேட்கவே இல்லை. இதெல்லாம் கேட்கிற விஷயமா என்று நினைத்திருப்பாள்... நானும் தலையாட்டினேனே, ஏன் ஆட்டினேன்?

கல்யாணமாகி ஆறு வருடம், இரண்டு கரு கலைந்து மூன்றாவதாக இது, ஒன்பது வாரம், ஷார்ஜாவில் இருக்கும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று ஒரு பயம்... கர்ப்பிணியிடமிருந்து கிட்னி எடுக்கமாட்டார்கள், பெற்று, பால் கொடுத்து, உடம்பு தேற ஒன்றரை வருடம், அதுவரை அந்தக் குழாய்? இல்லையென்றால் இதைக் கலைத்துவிட்டு... யா அல்லாஹ், நானா இப்படி யோசிக்கிறேன்? மெஷின் சுற்றுகிறது, அதற்குள் போய் வருவதும் என் ரத்தம்தான், எனக்கு முன்னால் கட்டிலில் முனவ்வர், உதடு வெடித்திருக்கிறது, அளந்துதான் தண்ணீர்...

"என்ன இத்தா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? கிட்னி குடுக்கப் பயமா?"

சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

அவன் என் வயிற்றைப் பார்த்தான். "எத்தனை மாசம்?"

"ரெண்டு."

"உம்மாகிட்ட மூச்சு விடாதே. எனக்குத்தான் ஆபரேஷன்னா பயமா இருக்கு, அப்புறம் பாக்கலாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்." சிரித்தான். "எனக்கும் மாமன்னு கூப்பிட ஒரு ஆளு வேணும்ல."

அழுகை வந்தது, கூடவே காலையிலிருந்து இறங்காத மூச்சும் இறங்கியது, அந்த மூச்சுதான் என்னைப் பயமுறுத்துகிறது... உம்மா இருந்தாள், கணவர் இருந்தார், டாக்டர் இருந்தார், எல்லோரையும் விட்டுவிட்டு இவனிடம் போய்ச் சொன்னேனே, இவன் இப்படித்தான் சொல்வான் என்று தெரிந்துதானே சொன்னேன்?