ஒத்திகை பார்த்த பதில்கள்

புகார்ப் பதிவேட்டில் ஆறு கட்டங்கள் இருந்தன: திருட்டு, சண்டை, குடி, பணிக்கு வராமை, பொருள் சேதம், இதர. தலைமை கிளார்க் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பேனா முனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ‘இதர’வில் டிக் அடித்தார்.

“விவரம்?”

“காகிதத்துல எழுதியிருக்கேன் சார்.”

படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மீதியையும் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் அவள் வயதில் ஒரு மகள் இருந்தாள்.

“இதுல உங்க செக்‌ஷன் அதிகாரி கையெழுத்து வேணுமேம்மா.”

“அவர் மேலதான் சார் புகாரே.”

“புரியுது. ஆனா முறைப்படி அவர் வழியாத்தான் மேல போகணும். அவர் பாத்து, குறிப்பு எழுதி, அனுப்பணும்.”

“அவர் என்ன குறிப்பு எழுதுவாரு சார்?”

தலைமை கிளார்க் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அது அவர் இஷ்டம்” என்றார்.

அவள் அந்த ராணுவ முகாமின் போக்குவரத்துப் பிரிவில் லாரி ஓட்டுநர். சேர்ந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. முப்பத்திரண்டு ஓட்டுநர்களில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி பிரசவ விடுப்பில் போயிருந்தாள். யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது விடுமுறை என்றால் அந்த வண்டியில் இவளைத்தான் ஏற்றுவார்கள். அதனால் முதல் மாதமே ‘ஸ்டெப்னி’, அதாவது மாற்று டயர், என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வேறு என்ன செய்வது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு பேர் வைப்பார்கள்.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் லாக் புக்கில் பிரிவு அதிகாரியான மேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சனிக்கிழமை மதியம் அவள் ரேஷன் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்தபோது, மேஜர் தன் அறையில் இல்லை, உதிரி பாகக் கிடங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். பிரேக் கொஞ்சம் இழுக்கிறது, அதையும் அவரிடம் காட்டிவிடலாம் என்று எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போனாள். கிடங்குக்காரனை மேஜர் கேன்டீனுக்கு அனுப்பினார். அவன் போனதும் கதவைத் தாழிட்டார். டயர்கள் அடுக்கியிருந்த சுவருக்கும் அவருக்கும் நடுவில் அவள் சிக்கிக்கொண்டாள். கத்தினாள். வெளியே அவளுடைய லாரியே உறுமிக்கொண்டு நின்றது. அவள் குரல் அதைத் தாண்டவில்லை. கடைசியில் அவர் கையை, எலும்பு தட்டுப்படுகிற வரைக்கும் கடித்தாள். அதற்குள் நடக்கக்கூடாதது பாதி நடந்திருந்தது. ‘பாதி’ என்பது பிறகு விசாரணையில் அவர்கள் கொண்டுவந்த சொல். அவளைப் பொறுத்தவரை அதில் பாதி முழுசு எதுவும் இல்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தவள் லாரியைப் பார்க்கக்கூட இல்லை. நேரே தங்கும் விடுதிக்கு நடந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். லாரி ஒன்றரை மணி நேரம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் அணைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தாள். தலைமை கிளார்க் கையை விரித்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கர்னல் அறைக்குப் போனாள்.

கர்னலின் முதல் கேள்வி, “பர்மிஷன் வாங்கிட்டு வந்தியா?” என்பதுதான். படித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“நீ எனக்குப் பொண்ணு மாதிரிம்மா. இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்ப விஷயம் வாசலைத் தாண்டக்கூடாது, சரியா? விசாரணை வைக்கிறேன். மூணு பேர். ஒரு லேடி ஆபீசரும் இருப்பாங்க. அதுவரைக்கும் நீ வண்டி எடுக்க வேணாம்.”

“நான் ஏன் சார் எடுக்கக்கூடாது?”

“உன் பாதுகாப்புக்குத்தான்.”

அன்று மாலையே அவளிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, அவளைக் கம்பளிக் கிடங்கு வேலையில் போட்டார்கள். அரித்த கம்பளி ஒரு பக்கம், நல்ல கம்பளி ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுகிற வேலை. மேஜர் வழக்கம்போல் தன் நாற்காலியில் உட்கார்ந்து லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் கட்டு. ஜாக்கி நழுவி விழுந்ததாம். முகாம் டாக்டரின் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஜாக்கிக்கு எப்போது பல் முளைத்தது என்று ஒரு ஓட்டுநர் சாப்பாட்டு வரிசையில் மெதுவாகக் கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். விசாரணையில் அதைச் சொல்வாயா என்று அவள் கேட்டபோது, சாதத்தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார்.

அப்பாவும் ராணுவம்தான். இருபத்தாறு வருடங்கள் வேலை பார்த்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவர். இன்னும் ஷூவில் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போடுவார். நேராகக் கர்னலைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பார்வையாளர் அறைக்கு வந்தார். இரும்பு நாற்காலிகள், ஒரு தண்ணீர் டிரம், சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“வாபஸ் வாங்கிடும்மா” என்றார் அப்பா.

“கர்னல் சொல்லச் சொன்னாரா?”

“அவர் ஒண்ணுமே சொல்லல. டீ குடுத்தாரு. மரியாதையா பேசினாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“எதுக்குப்பா பயம்? நடந்ததைத்தானே சொல்றேன்?”

அப்பா டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடிக்காமலே திரும்ப வைத்தார். சங்கிலி டிரம்மில் மோதிச் சத்தம் போட்டது.

“இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, இந்த மாதிரி ஒரு விசாரணை மேசையில நானும் உக்காந்திருந்தேன். கேள்வி கேக்கிற பக்கம். சமையற்கூடத்துல ஒரு பொண்ணு புகார் குடுத்தா. பத்தொம்போது வயசு. அழுதுகிட்டே சொன்னதுல கிழமையை மாத்திட்டா. ஒரு தடவை வியாழன்னா, ஒரு தடவை வெள்ளின்னா. முன்னுக்குப் பின் முரண்னு எழுதினோம். மூணு கையெழுத்துல ஒண்ணு என்னுது.”

“அவ பொய் சொல்றான்னு நெனச்சீங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“அந்த ஆள் எப்படிப்பட்டவன்னு முகாமுக்கே தெரியும். எனக்கு அந்த வருஷம் ப்ரமோஷன் வரவேண்டியது. வந்துச்சு. அப்பதான் உனக்கு மூணு சக்கர சைக்கிள் வாங்கிக் குடுத்தேன்.”

சிவப்பு சைக்கிள். வாழ்க்கையில் அவள் ஓட்டிய முதல் வண்டி அதுதான். தெருவில் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காமல், சாப்பிடும்போதுகூட ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

எழுந்து வெளியே போனாள். காவலாளி என்ன என்று பார்த்தான். பத்து நிமிடம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“வாபஸ் வாங்க மாட்டேன். அவங்க என்ன கேப்பாங்க? உங்களுக்குத்தான் தெரியுமே, சொல்லுங்க.”

அப்பா சொன்னார். ஒன்றுவிடாமல், வரிசையாக. எத்தனை மணிக்கு உள்ளே போனாய், கதவு எந்தப் பக்கம் திறக்கும், சட்டையில் எத்தனை பொத்தான், ஏன் கத்தவில்லை, கத்தினால் ஏன் யாருக்கும் கேட்கவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, இதற்கு முன் அவரோடு சிரித்துப் பேசியது உண்டா. பதினோரு கேள்விகள். கேட்கக் கேட்க அவர் குரலே மாறிவிட்டது, முதுகு நிமிர்ந்தது. அவள் தடுமாறினால், “அப்படிச் சொல்லாத, அதைப் புடிச்சுக்குவாங்க. மணியைச் சொல்லு, கிழமையைச் சொல்லு” என்றார். பார்வையாளர் நேரம் முடிந்து விளக்கை அணைக்க ஆள் வரும்வரை அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. நீளமான மேசை, பச்சைத் துணி, மூன்று பேர். அப்பாவைத் துணைக்கு உட்கார அனுமதித்தார்கள். வாய் திறக்கக்கூடாது என்று நிபந்தனை. தலைமை கிளார்க் தட்டச்சு செய்தார். பதினோரு கேள்விகளும் வந்தன. வரிசைகூட மாறவில்லை. பின்னால் அப்பா தன் நாற்காலியில் அசைகிற சத்தம் ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்குக் கேட்டது.

அவள் அழவில்லை. கிழமை, மணி, நிமிடம் எதுவும் பிசகவில்லை. மேஜர் கையில் கட்டு இல்லாமல் வந்து, “ஓட்டுநர் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லை” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கேன்டீனுக்குத் தானாகத்தான் போனேன் என்றான் கிடங்குக்காரன். அதைச் சொல்லும்போது கூரையில் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாவதாக விசாரணைக் குழுவின் தலைவர் ஒன்று கேட்டார். அது அப்பாவின் பட்டியலில் இல்லை.

“உங்களை எல்லாரும் ஸ்டெப்னின்னு கூப்பிடுவாங்களாமே. அதுக்கு ‘சின்ன வீடு’ன்னு இன்னொரு அர்த்தமும் உண்டு, தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஆட்சேபிக்கல?”

“முப்பது பேர் கூப்பிடறாங்க சார். நான் யார்கிட்ட போய் ஆட்சேபிக்கிறது?”

தலைமை கிளார்க் தட்டச்சை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் லேசாகத் தலையசைத்தார். அந்தப் பதில் காகிதத்தில் ஏறவில்லை.

லேடி ஆபீசர் கடைசிவரை எதுவும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும் அவள் பக்கத்தில் வந்து, “தைரியமா பேசினம்மா” என்று காதோடு சொல்லிவிட்டுப் போய், மற்ற இருவரோடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாள் கழித்துக் கர்னல் முடிவைப் படித்துக் காட்டினார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. காரணமும் எழுதியிருந்தார்கள்: ‘புகார்தாரரின் பதில்கள் அளவுக்கு மீறித் துல்லியமாகவும், உணர்ச்சியற்றும், முன்கூட்டியே ஒத்திகை பார்த்தவைபோலும் உள்ளன.’ மேஜருக்கு, லாக் புக்கை அலுவலகத்தில் வைத்தே கையெழுத்திட வேண்டும் என்று ஓர் அறிவுரைக் கடிதம். கூடவே பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல். அவளுக்கு, எஞ்சின் ஓடும் நிலையில் வாகனத்தை ஒன்றரை மணி நேரம் கைவிட்டுச் சென்ற குற்றத்துக்காகப் பதினான்கு நாள் காவல், ராணுவ ஓட்டுநர் உரிமம் ரத்து. அந்த விவகாரம் முழுவதிலும் தண்டனை பெற்ற ஒரே ஆள் அவள்தான்.

“மேல்முறையீடு பண்ணலாம். அந்தந்த அதிகாரி வழியா” என்றார் கர்னல்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். “அழுதிருந்தா ஒருவேளை…” என்று ஆரம்பித்தார்.

“அந்தப் பொண்ணு அழுதாளேப்பா.”

அப்பா தரையைப் பார்த்தார்.

“நீங்க அன்னைக்குப் பண்ணதை இவங்களுக்கு எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. இங்க எப்பவும் இப்படித்தான் நடக்குதுன்னு.”

“அது முடிஞ்சுபோன கேஸும்மா. இப்ப போய் அதைக் கிளறி…”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பதினான்கு நாளை முடித்தாள், விலகல் கடிதம் கொடுத்தாள். அது மட்டும் எந்தக் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் மூன்றே நாளில் மேலே போய்த் திரும்பி வந்தது.

வீட்டில் இரண்டு வாரம் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், சமையற்கூடத்துப் பெண்ணின் கதை உட்பட. அம்மா அப்பாவைப் பார்த்து, “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

“விசாரிக்கவே இல்லையா?”

அம்மா உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா தானே போட்டுச் சாப்பிட்டார்.

அவள் வேறு ஊரில் தண்ணீர் லாரி ஓட்டப் போனாள். குழாய் வராத தெருக்களுக்கு நாளைக்கு ஏழு நடை. குடங்களோடு நிற்கிறவர்கள் சண்டை போடுவார்கள், திட்டுவார்கள், பிறகு நிரம்பியதும் போய்விடுவார்கள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அம்மாவோடு மட்டும் போனில் பேசினாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, நான்காவது நடைக்குப் போகும் வழியில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். பேர் சொல்லவில்லை. பயிற்சிப் பள்ளியில் இருக்கிறேன் என்றாள். அவள் லாரியை ஓரம் கட்டினாள்.

“அக்கா, மேஜர் சார் பத்தி ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“உங்களைப் பத்தி இங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க பொய்ப் புகார் குடுத்து மாட்டிக்கிட்டீங்கன்னு.”

“இல்ல. நான் சொன்னது அத்தனையும் நிஜம்.”

“தெரியும்க்கா” என்றாள் அந்தப் பெண். “எனக்குத் தெரியும்.”

“எங்க இருக்க நீ? இங்க பாரு, பயப்படாத. நான் வேணா வரேன். தேதி, நேரம் எல்லாம் எழுதி வெச்சிருக்கியா?”

“இல்லக்கா. நான் புகார் எல்லாம் குடுக்கப்போறதில்ல. நீங்க பொய் சொன்னீங்களான்னு மட்டும்தான் கேக்கணும்னு இருந்துச்சு.”

இணைப்பு துண்டானது. திரும்பக் கூப்பிட்டாள். மணி போயிற்று, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தாளோ, பின்னால் தொட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து சாலையோரம் முழுக்க ஈரமாகியிருந்தது.

அவள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். குடங்களின் வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது.

“எங்கம்மா போய்த் தொலைஞ்ச? குழந்தைங்க குடிக்கத் தண்ணி இல்லாம இருக்குதுங்க!” என்று முன்னால் நின்ற பெண் கத்தினாள்.

“டயர் பஞ்சர்க்கா” என்றாள் அவள், குழாயைத் திறந்துகொண்டே.

“ஐயோ பாவம், ஒத்தை ஆளா மாத்தினியா?” என்றாள் அந்தப் பெண், உடனே குரல் தணிந்து.

எல்லோரும் நம்பினார்கள்.