வாசலுக்கு வெளியே ஒரு ரசிகர்

சிறிதரன் ஆட்டத்தைப் பார்த்தால் அவுஸ்திரேலியா தோற்கும். சிட்னியில், கிரவீனில் மகாதேவனின் கராஜுக்குள் கூடுகிறவர்களுக்கு இதில் மட்டும் மாற்றுக் கருத்தே கிடையாது. மற்ற விஷயத்தில் எல்லாம் ஆளுக்கு நாலு கருத்து. பெண்கள் தேசிய ஐஸ் ஹொக்கி அணி இந்த வருஷமாவது உலகப் போட்டியின் மேல் பிரிவுக்கு ஏறுமா என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கிய வாக்குவாதம், மகாதேவனின் மனைவி யோகா பொரித்து வைத்த கட்லட் ஆறிப்போன பிறகும் ஓயவில்லை.

இந்தக் கூட்டம் ஐஸ் ஹொக்கிக்குள் வந்து விழுந்தது தனிக் கூத்து. எல்லாரும் கிரிக்கெட் ஆட்கள். சிறிதரனின் மகள் வினுஷா சின்ன வயதில் ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்கு ஐஸில் சறுக்குகிற ரிங்குக்குப் போனாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இப்போது அவள் அவுஸ்திரேலிய அணியின் கோலி, கோல் காக்கிறவள். அவளுக்காகப் பார்க்க ஆரம்பித்தவர்கள், தாங்கள் பிறந்ததே பனிக்கட்டியில்தான் என்ற மாதிரி இன்று பேசுகிறார்கள்.

மெல்பேர்னில் நடக்கிற போட்டியில் ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், ஐஸ்லாந்துடன். வெல்கிறவர்கள் மேல் பிரிவுக்குப் போவார்கள். சந்தர்ப்பமே இல்லை என்றார் மகாதேவன். அவர் கணக்காளர், நம்பிக்கையைக்கூட கழித்துப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வார். அங்கே பிள்ளைகள் நடக்க முதல் சறுக்கப் பழகுதுகள், இங்கே ஒரு ரிங்குக்குப் போவதற்கே பாதிச் சிட்னியைக் கடக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஜெயதீபனுக்கு அது ஏறவில்லை. படகில் வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில், பொழுது போகாமல் ரிவியில் ஐஸ் ஹொக்கி பார்த்தவன் அவன். இப்போது வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறான். இன்னும் தற்காலிக விசாதான், ஆனால் அவுஸ்திரேலியாவுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதில் பாஸ்போட் உள்ளவர்கள் அவனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. தோற்கிற அணி கடைசி நிமிடங்களில் தன் கோலியை வெளியே கூப்பிட்டு, அவளுக்குப் பதிலாக அடிக்கிற ஆள் ஒருத்தியை இறக்கும். கோல் வெறுமையாகக் கிடக்கும். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு கள்ளனைப் பிடிக்கப் போகிற வேலை அது என்பார் மகாதேவன். வேறு வழி இல்லாதவன் அதைத்தான் செய்வான் என்பான் ஜெயதீபன்.

கடைசியில் எல்லாரும் ஒத்துப்போனது சிறிதரன் விஷயத்தில்தான்.

"சிறி அண்ணை, நீங்கள் மெல்பேர்னுக்குப் போகமாட்டியள்தானே?" என்று ஜெயதீபன் கேட்டான்.

அவன் சிரிக்கவில்லை. யோகாவும் கட்லட் தட்டைப் பிடித்தபடி அவருடைய பதிலுக்காக நின்றாள்.

"நான் ஏன் போறன்," என்றார் சிறிதரன்.

இது தொடங்கி மூன்று வருஷமாகிறது. வினுஷா பதினெட்டு வயதுக்குட்பட்ட அணியில் இருந்தபோது, சிட்னியில் ஒரு ஆட்டம். சிறிதரனும் ஜெயதீபனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கோலுக்கு மேல் கோலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிள்ளை விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, ஒன்றையும் தடுக்க முடியாமல் நின்றாள். சிறிதரனால் தாங்க முடியவில்லை. எழும்பி வெளியே போய் காருக்குள் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு கோல்கூட விழவில்லை. தோற்றார்கள்தான், ஆனால் அவர் போன பிறகு அவள் சுவர் மாதிரி நின்றாளாம்.

"அண்ணை, நீங்கள் போன கையோடை நிண்டிட்டுது," என்று ஜெயதீபன் பகிடியாகத்தான் சொன்னான். அடுத்த ஆட்டத்தைக் கராஜில் பார்த்தபோது பகிடியாகவே அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அணி வென்றது. அதோடு பகிடி சட்டமாகிவிட்டது. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் மகாதேவனின் வளவில் கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு, மூடிய கராஜ் கதவைப் பார்த்தபடி சிறிதரன் இருப்பார். யாராவது வந்து நிலவரம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் சாத்திரம் பார்க்கிற ஆள் இல்லை. பஸ் ஓட்டுகிற வேலையில் ராகு காலத்தில் பஸ் எடுக்கமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் இது பிள்ளையின் விஷயம். பொய்யாகவே இருக்கட்டும், அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. மகள் கூப்பிடும் போதெல்லாம் வேலை என்று சொன்னார். உண்மையைச் சொன்னால் சிரிப்பாள் என்று வெட்கம்.

சனிக்கிழமை வினுஷா மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தாள். அம்மாவுக்குப் பக்கத்து சீற் அவருக்குத்தான் என்றாள்.

"நாளைக்கு ஷிஃப்ட் இருக்கம்மா," என்றார்.

"ஓகே," என்றாள் அவள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஓகே அவரை இருக்க விடவில்லை. டூங்கபியில் தன் வீட்டில் குசினிக்கும் முன் அறைக்கும் நடந்தார். காரைக் கழுவினார். கழுவிய காரைத் திரும்பவும் கழுவினார்.

ஞாயிறு விடிய முதல் காரில் வெளிக்கிட்டார். எங்கே போகிறேன் என்று தனக்கே ஒப்புக்கொள்ளாமல், பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்புவோம், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவோம் என்று ஓடினார். பாதி வழிக்கு மேல் வந்து ஆல்பரியும் கடந்தபோது இனி என்ன பொய் என்று விட்டுவிட்டார். அதற்குள் ஒரு சமாதானமும் கண்டுபிடித்திருந்தார். போவது, ஆனால் பார்ப்பதில்லை.

பின்னேரம் ஆட்டம் தொடங்கியபோது மெல்பேர்ன் டொக்லண்ட்ஸில் ரிங்குக்கு வெளியே, சுவரோரம் நின்றார். கடல் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஆட்டம், வெளியே அவர், ஆனால் நிலவரம் சொல்கிறவன் கிரவீனில். கராஜ் ரிவியைப் பார்த்து ஜெயதீபன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணை டூங்கபி வீட்டில் இருக்கிறார் என்று அவன் நினைத்திருந்தான். ரிவிக்குப் படம் பிந்தித்தான் வரும். ஆகவே சுவருக்குள்ளே சனம் ஆர்ப்பரிப்பது முதலில் கேட்கும், அது ஏன் என்று தெரியாமல் சிறிதரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிறகுதான் ஐந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து காரணம் வரும்.

மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிந்தபோது ஆளுக்கு ஒரு கோல். வினுஷா பிரமாதம் என்றான் ஜெயதீபன். பின்னால் மகாதேவன், இன்னும் இருபது நிமிஷம் கிடக்கு, துள்ளாதேயும் என்று கத்தியது கேட்டது.

சிறிதரன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய மனைவி பிரியதர்சினி வாசலில் நின்றாள். இடைவேளையில் காற்று வாங்க வந்தவள். அவரைக் கண்டு முதலில் திகைத்தாள், பிறகு அவருடைய கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"எப்ப வந்தனீங்கள்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். காரில் போய் இருந்தது, கறிவேப்பிலை மரம், கதிரை, எல்லாம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு முட்டாள்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. பிரியதர்சினி ஏசப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை.

"நீங்கள் அண்டைக்கு எழும்பிப் போனதை அவள் கண்டவள்," என்றாள். "உங்கடை முதுகைத்தான் கண்டவள். அப்பாக்கு என்னாலை வெட்கமாப் போச்சுது, அதுதான் இப்ப வாறேல்லை எண்டு என்னட்டை எத்தினை தரம் அழுதிட்டாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவள்."

மூன்று வருஷமாக அவளைக் காப்பாற்றுகிறேன் என்று மரத்தடியில் இருந்திருக்கிறார். அவளோ அவருடைய முதுகைச் சுமந்துகொண்டு விளையாடியிருக்கிறாள்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றாள் பிரியதர்சினி.

"தோத்தா?"

"தோக்கட்டும்."

மூன்றாம் பகுதி தொடங்கியிருந்தது. பிரியதர்சினி தன் ஜக்கற்றைப் போட்டு வைத்திருந்த சீற்றில் சிறிதரன் போய் இருந்தார். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. வினுஷா முகமூடிக்குள் இருந்தாள். அவள் அவரைக் கண்டாளா என்று தெரியவில்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டு அவளை நோக்கி வருகிற ஒவ்வொரு முறையும் அவருடைய கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன. இரண்டு தரம் தடுத்தாள். மூன்றாவது, அவளுடைய காலுக்குக் கீழால் கோலுக்குள் போய்விட்டது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கராஜ்தான். சிறிதரன் பாதி எழும்பியும் விட்டார். அப்போது வினுஷா முகமூடியை உயர்த்தி, தண்ணீர்ப் போத்தலை எடுத்தபடி அம்மாவின் பக்கத்து சீற்றைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள், தண்ணீர் குடிக்க மறந்து.

அவர் இருந்துவிட்டார். ஜக்கற்றை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனை நிற்பாட்டினார்.

கடைசி நிமிடங்களில் அணி கோலியை வெளியே கூப்பிட்டது. மகாதேவன் இப்போது கராஜில் தலையில் அடித்துக்கொள்வார். வினுஷா வேகமாகச் சறுக்கி வந்து, தடுப்பைத் தாண்டி மற்றவர்களோடு வாங்கில் போய் இருந்தாள். அவளும் இனிப் பார்க்கிற ஆள்தான். வெறுமையாகக் கிடந்த கோலை மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவளும், இந்தப் பக்கத்திலிருந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ்லாந்துக்காரி ஒருத்தி நடுவில் பறித்த வட்டை ஓங்கி அடித்தாள். அது அவசரமே இல்லாமல் நீளமாக வழுக்கிக்கொண்டு போய் வலைக்குள் விழுந்தது. சனம் எழும்பி வெளியே போகத் தொடங்கியது. சிறிதரன் அசையவில்லை.

தன்னைவிடப் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு வினுஷா வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அவர் தகப்பன் மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கறிவேப்பிலை மரத்தைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் பையைக் கீழே போட்டாள்.

"மூண்டு வருஷமா? அப்பா, தற்ஸ் ஸோ ஸ்ரூப்பிட்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"நான் வந்ததாலைதான் தோத்ததோ தெரியேல்லை," என்றார் அவர். அதில் பாதி அவருக்கு இன்னும் நம்பிக்கைதான்.

வினுஷா கையால் மூக்கைத் துடைத்தாள். ஈரத் தலைமயிரோடு, சின்னப் பிள்ளை மாதிரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் தோக்கலாம் அப்பா. வருவீங்கள்தானே?"

"ஓம்," என்று சிறிதரன் பையைத் தூக்கினார்.