காசிப் பொட்டுக் கரை

சம்புடத்தைத் திறந்து நான் அந்தத் துணியை வெளியே எடுத்ததும் வேடியப்பன் நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் போட்ட சோறு, பூட்ஸ் கடித்த கால், ஹவில்தாரின் கெட்ட வார்த்தைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். துணியைப் பார்த்த பிறகு அவர் பார்வை என் முகத்துக்கு வரவே இல்லை.

"இத இன்னாத்துக்கு எடுத்துகினு வந்தீங்க?" என்றார்.

"எங்கப்பா காசியிலேர்ந்து கொண்டாந்ததுங்க. அம்மன் மேல சாத்துன பொடவைனு சொல்லுவாரு. தூண் திறப்பு விழாவுல கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு இருக்கோம். நீங்களும் அப்பாகூட இருந்தவரு, இது எந்தக் கோயில்னு சொன்னா எழுதிக்குவேன்."

முள்ளிப்பட்டைத் தாண்டி இருக்கும் காலனியில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஓட்டு வீட்டு வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அவர் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மருமகள் மதிவதனி கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைக் குடிக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் சர்க்கரை வியாதி என்று சொல்வேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

அது சுதந்திரப் பொன்விழா வருஷம். ஊர் ஊராக எதையாவது திறந்துகொண்டிருந்தார்கள். ஆரணியில் எங்களுக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. யுத்த காலத்தில் நூல் வரத்து நின்று தறிகள் சும்மா கிடந்தபோது, எங்கள் தெருக்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் இருபத்தொரு பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். எல்லாரும் ஒரே காலாட்படைக் கம்பெனி. அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி ஒரு தூண் நிறுத்துவது என்று குழு போட்டோம். தலைவர் பட்டு வியாபாரி ஜெயவேல், அவருடைய பெரியப்பா பட்டியலில் இருக்கிறார். செயலாளர் நான், தனசேகரன். என் அப்பா கந்தசாமி பட்டியலில் இருக்கிறார். தறிக்காரத் தெருப் பெயர்கள் பதின்மூன்றும் தூணின் முன்பக்கம், காலனிப் பெயர்கள் எட்டும் பின்பக்கம் என்று ஜெயவேல் முடிவு செய்தார். இருபத்தொன்றும் முன்பக்கத்திலேயே அடங்கும் என்று கல்தச்சன் சொன்னான். எழுத்து பெரிதாக இருந்தால்தான் அழகு என்றார் ஜெயவேல். நான் வாயை மூடிக்கொண்டு தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். இருபத்தொரு பேரில் உயிரோடு இருந்தது வேடியப்பன் ஒருவர்தான். அவர் பெயர் பின்பக்கம்.

துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். வடநாட்டு ஜரிகைக் கரை, கொடியும் இலையுமாக ஓடும். அதன் நடுவில் பழுப்பேறிய ஒரு கறை. அம்மனுக்கு வைத்த குங்குமம் ஒட்டியது என்று அப்பா சொல்லியிருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பியதும் அவர் இதைத்தான் டிசைன் போடும் சடையனிடம் கொடுத்து, இந்தக் கரையைத் தறிக்குக் கொண்டுவரச் சொன்னாராம். சடையன் ஒரு இழை விடாமல் எண்ணிக் கட்டத் தாளில் ஏற்றுகிறவன். கறையையும் எண்ணி ஏற்றிவிட்டான். அது டிசைனில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டான். அப்படியே தறி அட்டையில் துளை குத்தி, அப்படியே நெய்து, ஜரிகைக் கரைக்குள் ஒரு சாணுக்கு ஒரு அரக்குப் புட்டா விழுந்தது. மாங்காயும் இல்லை, ருத்திராட்சமும் இல்லை. ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் இழுத்துக்கொண்டு போன கோணல் புட்டா. அந்தக் கோணல்தான் விற்றது. 'காசிப் பொட்டுக் கரை' என்று கேட்டு வாங்கினார்கள். முகூர்த்தத்துக்கு ராசி என்ற பேச்சும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் கடை, மாடி வீடு, என் படிப்பு எல்லாம் அந்தப் புட்டாவில் வந்ததுதான். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்தத் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. என் அக்காள்கள் ஒற்றிக்கொண்டார்கள். என் மகள் தீபாவுக்கு ஆவணியில் கல்யாணம். அவளுடைய முகூர்த்தப் புடவை முள்ளிப்பட்டில் தறியில் இருந்தது.

"கோயில் இல்லீங்க" என்றார் வேடியப்பன்.

பிறகு அவர் சொன்னதை நான் எழுதவில்லை. பேனா கையில்தான் இருந்தது.

"நாப்பத்திரண்டுல எங்க கம்பெனிய சண்டைக்குனு சொல்லித்தான் ஏத்திகினு போனாங்க. வடக்க ஒரு சின்ன ஸ்டேஷன்ல எறக்கிட்டாங்க. ஜனங்க தண்டவாளத்துல குந்திகினு இருந்தாங்க. கையில கொடி. ஒரு கல்லு கூட இல்ல. தொரை சுடச் சொன்னான், சுட்டோம். நானும் சுட்டேன், உங்கப்பாவும் சுட்டாரு. ஒர்த்தன் துப்பாக்கிய மேல தூக்கிச் சுட்டான்னு இப்ப சொன்னா அது பொய்யி. எல்லாம் நேராத்தான் சுட்டோம்."

உள்ளே மதிவதனி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்பறம் பொணத்த லாரில ஏத்தச் சொன்னாங்க. ஒரு பொம்பள. எந்தக் கல்யாண வூட்லேர்ந்து வந்தாளோ, பட்டு கட்டிகினு இருந்தா. நான் கால புடிச்சேன், உங்கப்பா தோள புடிச்சாரு. பாதில கீழ வெச்சிட்டாரு. பக்கத்துல குந்திகினு முந்தானைய எடுத்துப் பொரட்டிப் பாத்தாரு. நகத்தால இழை எண்ணிகினு இருந்தாரு. கந்தசாமி, ஜல்தி வாடான்றேன், காதுலயே வாங்கல. துப்பாக்கி மொனையில இருந்த சங்கீன எடுத்து கரைய ஒரு சாண் அறுத்து ஜேபுல வெச்சிகினாரு."

துணியைச் சம்புடத்துக்குள் வைக்கும்படி கையால் காட்டினார்.

"அவ கண்ணு தொறந்துதான் இருந்துது. உசுரு இருந்துதான்னு மட்டும் என்னக் கேக்காதீங்க."

பொய் என்று சொல்லிவிட நினைத்தேன். சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முந்தானையைப் புரட்டியதை அவர் சொன்னவுடனே அது அப்பாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தறி வீட்டில் பிறந்தவன் பட்டைக் கண்டால் புரட்டித்தான் பார்ப்பான். கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூட, பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முந்தானை நுனியைப் பிடித்துப் பின்பக்கம் பார்க்காமல் எங்களுக்குக் கை அடங்காது. நானும் பார்ப்பேன். அதைத் தொழில் புத்தி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதோடு வேறு சிலதும் நினைவுக்கு வந்தன. அப்பா அந்தக் கரைப் புடவையை ஒருநாளும் கையால் மடித்ததில்லை. வேலைக்காரர்களை மடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போவார். அம்மாவை அதைக் கட்ட விட்டதே இல்லை. விரதம் என்றார், நாங்களும் பக்தி என்று நம்பினோம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. சடையன் கட்டத் தாளை விரித்துக் காட்டிய அன்றே தெரிந்திருக்கும். 'அது கறைடா, எடுத்துடு' என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் என்ன கறை என்று கேட்பான். அதனால் சொல்லவில்லை, அப்புறம் விற்க ஆரம்பித்துவிட்டது.

"ஊருக்குத் திரும்பி களம்பூர் ஸ்டேஷன்ல எறங்கற வரைக்கும் நானும் அவரும் ஒரே தட்டு" என்றார் வேடியப்பன், நான் எழுந்தபோது. "எறங்கனதும் அவரு அந்தாண்ட திரும்பிகினாரு. சாதியாலனு நெனச்சிகினேன். அது மட்டும் இல்ல போல."

நேராகக் கடைக்குப் போனேன். செய்யாற்றிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவைக்கு வந்திருந்தது. காசிப் பொட்டுக் கரையில் இரண்டு எடுத்தார்கள். பெண்ணின் அம்மா புட்டாவைத் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். "ராசியான கரைங்க" என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஆனால் புடவையைத் திருப்பி வாங்கவில்லை. என்மேல் எனக்கு வந்த அருவருப்பு அப்பாமேல் வந்ததைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

ஜெயவேலிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து முழுதும் கேட்டார். அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "விழா மலர்ல எழுதிட்டீங்களா?" என்பதுதான்.

"இல்ல."

"எழுதாதீங்க. வடநாட்டில் அமைதி காத்தனர்னு ஒரு வரி போடுங்க, போதும். ஆர்டர் போட்டா சுடாம இன்னா பண்ணுவாங்க? எங்க பெரியப்பா பேரும் கல்லுல இருக்குது."

"அந்தத் துணிய வைக்க வேணாங்க."

"நோட்டீஸ்ல அச்சடிச்சாச்சி தனசேகரன். கண்ணாடிப் பெட்டியும் வந்துடுச்சி. பேஜார் பண்ணாதீங்க."

வீட்டில் என் மனைவி உண்ணாமலை அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "இன்னும் பத்து நாள்ல கல்யாணம். தீபா காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அவ அந்தப் பொடவயத் தொட மாட்டா, மாப்ள வூட்ல காரணம் கேப்பாங்க. முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." நான் சரி என்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லாமே அப்படித்தான் நடந்திருக்கிறது. முள்ளிப்பட்டிலிருந்து புடவை வந்தது. மயில்கழுத்துப் பச்சை உடம்பு, சாணுக்கு ஒரு பொட்டு. தீபா அதைத் தோள்மேல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து போய்விட்டேன். அப்பாவும் இப்படித்தான் எழுந்து போவார்.

ஆகஸ்ட் பதினைந்து காலை தூண் திறப்பு. பந்தல், நாதஸ்வரம், பள்ளிப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. இதே கொடிதான் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் இருந்திருக்கும், கொஞ்சம் மாறி. பட்டியலில் இருந்தவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லாரும் காசிப் பொட்டுக் கரைதான் கட்டி வர வேண்டும் என்று ஜெயவேல் சொல்லிவிட்டிருந்தார். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். முப்பது நாற்பது பெண்கள் வரிசையாக மேடைப் படியேறினார்கள். நான் குனிந்த தலையோடு நின்றிருந்ததால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கணுக்கால்கள்தான். ஒவ்வொரு காலைச் சுற்றியும் பொட்டு, அடுத்த காலைச் சுற்றியும் பொட்டு. உருண்டு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு.

வேடியப்பனைத் தூணுக்குப் பின்பக்கம், அவர் பெயர் இருந்த பக்கத்திலேயே, ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டார்கள், வந்திருந்தார்.

ஜெயவேல் மைக்கில் என் அப்பாவின் வீரத்தைப் பேசி முடித்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். "பெட்டிக்குள்ள வெக்கிறதுக்கு முன்னாடி, கந்தசாமி ஐயா பேத்தி, கல்யாணப் பொண்ணு, அம்மன் பிரசாதத்தக் கண்ணுல ஒத்திக்கும். வாம்மா தீபா." தட்டில் துணி வந்தது. யாரோ அதன்மேல் இரண்டு மல்லிகை வைத்திருந்தார்கள். தீபா மேடைக்கு வந்தாள். உண்ணாமலையின் கல்யாணத்துக்குக் காசிப் பொட்டுக் கரையில் எடுத்த அரக்குப் புடவையை இன்று மகள் கட்டியிருந்தாள். வெட்கமும் சந்தோஷமுமாகச் சிரித்துக்கொண்டு துணியை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

உண்ணாமலை கீழேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

நான் தீபாவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னாப்பா?"

"ஒத்திக்காத."

"ஏம்ப்பா?"

"அது குங்குமம் இல்லம்மா. ரத்தம். உங்க தாத்தா சுட்ட பொம்பளையோடது."

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் ஜெயவேலின் கையில் எங்களுக்கு நடுவில் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது, தெருக்கோடிக் குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டது. ஜெயவேல் மைக்கை அணைத்துவிட்டு நாதஸ்வரக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்கள் பழக்கத்தில் கெட்டிமேளம் வாசித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து வேடியப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, என் மகளுக்கு எதிரே நின்றார். அவர் எதையாவது சொல்லியிருந்தாலும் மேளத்தில் கேட்டிருக்காது.

தீபா துணியைத் தட்டில் வைத்தாள். அதில் இருந்த கறையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து தன் காலடியில் கரையைப் பார்த்தாள். மழைச் சேற்றைத் தாண்டும்போது தூக்குவதுபோலப் புடவையை இரண்டு விரலால் பிடித்துக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் விரலுக்குள்ளேயே ஒரு பொட்டு இருப்பதைக் கண்டாள். அதை விட்டால் காலில் விழும். விடாவிட்டால் கையில் இருக்கும். அப்படியே பிடித்துக்கொண்டு, மேளம் ஓய்கிற வரைக்கும், அத்தனை பேருக்கும் நடுவில் நின்றாள்.