தீவில் குட்டியைக் காணோம்

ஞாயிற்றுக்கிழமை பாறைத் தீவுக்குப் போய்விட்டு வரலாமா என்று குட்டி கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாயில் வைத்த கவளம் இறங்கவில்லை.

நாற்பத்திரண்டு வயதானாலும் வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் அவள் இன்னும் குட்டிதான். அவளும் கணவனுமாக ஒரு தொழிற்சாலையில் கேண்டீன் நடத்தியவர்கள். அவன் செத்துப்போனதும் கேண்டீனும் போயிற்று. அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள், கடைத்தெருவுக்குக்கூடத் தானாகக் கிளம்பியதில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி, காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பூனை மாதிரிப் போய் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தான். அன்றிலிருந்து மாடிக் கதவுக்குப் பூட்டு.

"கூட்டிட்டுப் போ," என்றான் மனைவியிடம், சமையலறையில் குரலைத் தாழ்த்தி. "ஆனா கண்ணை மட்டும் எடுத்துடாதே."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்குப் படகுன்னாலே குடல் வெளிய வந்துடும்னு தெரியாதா?"

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க யார் யார் முகத்தையோ கிட்டத்தில் பார்த்து, காதில் உறுத்துகிறதா மூக்கில் நிற்கிறதா என்று கேட்பதே பிழைப்பு. ஆனால் ஞாயிறு காலை தலைக்குக் குளித்து, புதுச் செருப்பு போட்டு, தனக்கு முன்னால் வாசலில் வந்து நின்ற நாத்தனாரின் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த உற்சாகமே பயமாக இருந்தது.

படகில் மிதவைச் சட்டையை மாட்டிவிட்ட கையோடு குட்டியின் மணிக்கட்டைப் பிடித்தவள் பிறகு விடவே இல்லை. அலை தூக்கிப் போட்டபோதும் விடவில்லை, முகத்தில் தண்ணீர் அடித்தபோதும் விடவில்லை.

படகுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கையை விடுங்கம்மா. அவங்க எங்க ஓடிடப் போறாங்க? சுத்தித் தண்ணிதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். குட்டியும்தான். அண்ணி மட்டும் பிடியை இறுக்கினாள்.

தீவு ஒரு தேசியப் பூங்கா என்று சொன்னதால் பூச்செடியாவது இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வந்து பார்த்தால் வெறும் கரும்பாறை. அதன்மேல் சுண்ணாம்பு கொட்டினாற்போலப் பறவை எச்சம். ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் ஒரே நேரத்தில் கத்தின. கயிறு கட்டிய பாதையில் ஏறிப் போனால் உச்சியில் ஒரு பெஞ்சு, ஒரு கம்பித் தடுப்பு, அதற்கப்பால் நேரே பள்ளம். கீழே கடல் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

குட்டி தடுப்பருகே போனால் இவளும் போனாள். குனிந்தால் குனிந்தாள். படகிலேயே முட்டிக்கொண்டிருந்த மூத்திரத்தை எவ்வளவு நேரம்தான் அடக்குவது?

"பெஞ்சை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. இதோ வந்துடறேன்."

"சரி அண்ணி."

கழிப்பறைக்கு ஓடிப்போய் ஓடி வந்தாள். பெஞ்சு காலி. தடுப்புக்குப் பக்கத்தில் புதுச் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

அண்ணி தடுப்புக்குப் பாய்ந்தாள். தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நுரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "குட்டி! குட்டி!" என்று அலறிக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் பாறைமேல் ஓடினாள். வழுக்கி விழுந்து முட்டி சிராய்த்தது. பறவைகள் கும்பலாக எழும்பித் தலைக்குமேல் சுற்றின.

சீருடை போட்ட பூங்காக் காவலர் ஒருவர் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பதறாதீங்கம்மா. குழந்தைக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு!"

அவர் ஒரு கணம் விழித்தார். "வெறுங்கால்ல ஒரு அம்மா எங்க குவார்ட்டர்ஸ் பக்கம் போனாங்க. அவங்களா?"

உச்சிக்குப் பின்சரிவில் ஓடு போட்ட வீடு. அதன் சமையலறையில், அடுப்பைப் பற்றவைத்து எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள் குட்டி. அண்ணி போன வேகத்தில் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"செருப்புக் கடிச்சுது அண்ணி, கழட்டி வெச்சேன்," என்றாள் குட்டி, பயந்துபோய். "இங்க காவலருங்களுக்குச் சமைக்க ஆள் தேடறாங்க. பேப்பர்ல போட்டிருந்தாங்க. மாடிக் கதவைப் பூட்டினவரு தீவுக்கு விடுவாரா? அதான் வீட்டுல சொல்லல."

"அன்னிக்கு மாடியில என்ன நினைச்சுட்டு உக்காந்திருந்தே? உண்மையைச் சொல்லு."

குட்டி அடுப்பை அணைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன். குதிச்சா என்னன்னு தோணிச்சு. அப்புறம் பக்கத்துத் தெருவுல யாரோ பால் பொங்க விட்டுட்டாங்க, தீயற வாசனை வந்துது. யாராவது அடுப்பை அணைக்க மாட்டாங்களான்னு அதையே நினைச்சுட்டிருந்தேன். அண்ணன் வந்துட்டாரு."

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆக, பயந்தது வீணில்லை. "இங்க சுத்திப் பள்ளம்தான்டி."

"பள்ளம்தான். ஆனா எட்டுப் பேரு மூணு வேளையும் பசியோட வருவாங்க. உங்க வீட்டுல நான் கரண்டியைத் தொட்டாலே பிடுங்கிடறீங்க. நல்ல மனசுலதான் செய்யறீங்க. எனக்குத்தான் மூச்சு முட்டுது."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து காவலரைப் பிடித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். வேறு பெண்கள் உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, உடம்புக்கு முடியாவிட்டால் படகு வருமா? பறவைகளைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி பக்கத்து அறையில் தங்கியிருந்தாள். அவளைத் தனியே அழைத்துப்போய் மொட்டைமாடிக் கதையையும் சொன்னாள். "நான் பார்த்துக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

திரும்பும் படகில் வாந்தி எடுத்தது அண்ணிதான். நெற்றியைத் தாங்கிப் பிடித்தது குட்டி.

"உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன்," என்றாள் அண்ணி, வாயைத் துடைத்துக்கொண்டு.

அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். ஊர் காறித் துப்பும் என்றான், உனக்குப் பைத்தியமா என்றான். ஒரு வாரம் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் தங்கைக்கு மழைக்கோட்டு ஒன்றை வாங்கி வந்து, யாருக்கு என்று சொல்லாமல் நாற்காலியில் போட்டான்.

குட்டி தீவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். இப்போது அண்ணன் காலையில் எழுந்ததும் காற்று எச்சரிக்கை உண்டா என்று செய்தி பார்க்கிறான். அண்ணிக்குக் கடையில் வேலை ஓடுவதில்லை, ஒரே கண்ணாடியை இரண்டு தரம் துடைக்கிறாள். தீவில் ஒரே ஒரு பாறைமேல்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்குமாம். குட்டி அங்கிருந்து கூப்பிடும்போதெல்லாம் காற்றுச் சத்தமும் பறவைச் சத்தமும்தான் முதலில் வரும்.

"ஓரத்துல நிக்கறியா? உள்ள தள்ளி நில்லு!" என்று கத்துவாள் அண்ணி.

"தள்ளித்தான் நிக்கறேன் அண்ணி. சீக்கிரம் பேசுங்க, அடுப்புல குழம்பு இருக்கு."